தராசுத் தட்டில் மாயாவி

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் நமது நண்பர் ஒருவர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சுபாவத்தில் சாது, எந்தக் காகிதத்தையும் கிழித்தெறிய மனம் வராதவர். மின்சாரக் கட்டண ரசீதுக்குக்கூட அவர் வீட்டில் மோட்சம் கிடையாது. சென்ற மாதம் அவரிடமிருந்து நமக்கு ஒரு செய்தி வந்தது. பிள்ளையோடு சென்னையில் போய் இருக்கத் தீர்மானித்து விட்டதாகவும், வீட்டைக் காலி செய்யுமுன் பரணிலுள்ள ஒரு தகரப் பெட்டி விஷயமாக நம்முடைய யோசனை தேவை என்றும் அதில் கண்டிருந்தது.

தகரப் பெட்டி என்றதும் நமக்கு ஓலைச் சுவடி ஞாபகம் வந்தது. உடனே திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, ராஜகோபுரத்தைத் தரிசித்துக்கொண்டு நண்பர் வீடு போய்ச் சேர்ந்தோம்.

கூடத்தில் பெட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பழைய பேப்பர்க்காரர் தராசுடன் உட்கார்ந்திருந்தார். நண்பரின் நாட்டுப்பெண் தூணருகே நின்றாள். பத்து வயதுப் பேத்தி ஊஞ்சலில் இருந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். சுவடி இல்லை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சித்திரக் கதைப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. மேல் அட்டையில் ஓர் இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நின்று துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தது. கைக்குச் சொந்தக்காரரைக் காணோம்.

"மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்றாள் நாட்டுப்பெண். "அங்கே இரண்டு அறை உள்ள வீடு. மனுஷர் படுக்கவே இடம் போதாது. இந்த மாயாவி எங்கே படுப்பார்?"

நண்பர் நம் முகத்தைப் பார்த்தார். "ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. குப்பை என்று சொன்னால் கொடுத்து விடுகிறேன். குப்பை இல்லை என்றால் ஏன் இல்லை என்று நீர் சொல்ல வேண்டும்" என்றார்.

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பேப்பர்க்காரரை ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து யோசித்தோம். யோசித்ததை நேயர்களுக்கும் சொல்லுகிறோம். இம்மாதிரிப் பெட்டி அநேகமாக நேயர்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும்.

சீமையிலிருந்து வந்த கை

அட்டையில் கண்ட இரும்புக் கைக்குச் சொந்தக்காரர் பெயர் லூயிஸ் கிராண்டேல். பிறந்த இடம் லண்டன். பிறந்த தேதி 1962-ம் வருஷம் அக்டோபர் 6. அன்றுதான் 'வேலியண்ட்' என்ற ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. அதில் அவருடைய கதையும் ஆரம்பமாயிற்று. ஆரம்பக் கதைகளை எழுதியவர் கென் பல்மர் என்ற ஆங்கிலேயர். சித்திரம் வரைந்தவர் ஜேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர்.

கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் உடலில் பாய்ந்தால் நாமெல்லாம் போய்ச் சேரும் இடம் வேறு. அவரோ மறைந்து போவார். இரும்புக் கை மாத்திரம் வெளியே தெரியும். இந்த வரம் கிடைத்ததும் அவர் முதலில் செய்த காரியம் திருட்டு! பிறகு மனந்திருந்தி, நிழற்படை என்ற ரகசிய ஸ்தாபனத்தில் சேர்ந்து தேசத்துக்காகப் பாடுபடலானார். வால்மீகியின் பூர்வ கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதே காலத்தில் 'லயன்' என்று இன்னொரு ஆங்கில வாரப் பத்திரிகை இருந்தது. அது 1952-ல் தொடங்கியபோதே ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனைக் கொண்டு வந்தது. 1965-ல் ஸ்பைடர் என்பவரையும் கொண்டு வந்தது. ஸ்பைடர் குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டு, கடைசியில் குற்றவாளிகளுக்கே சத்துருவாக மாறியவர். ஆரம்பத்தில் டெட் கோவன் என்பவர் எழுதினார். பிறகு அந்தக் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்ற அமெரிக்கர்.

இந்தப் பெயரை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜோ ஷுஸ்டர் என்ற சித்திரக்காரரோடு சேர்ந்து, 1938-ல் அச்சேறிய 'சூப்பர்மேன்' என்ற பாத்திரத்தைச் சிருஷ்டித்தவர் அவர்தான். அந்தச் சூப்பர்மேனை இருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள். 1975-ம் வருஷக் கடைசியில்தான், பலர் இடித்துக் காட்டிய பிறகு, சிருஷ்டி கர்த்தாக்களுக்கு வருஷாந்தர உபகாரச் சம்பளமும், புத்தகத்தில் பெயர் போடும் மரியாதையும் கிடைத்தன. இடைக் காலத்தில் பிழைப்புக்காக அவர் எழுதியவற்றில் ஸ்பைடரும் ஒன்று. எழுதியவர் பெயரைப் போடுவது அந்த ஆங்கிலப் பத்திரிகைகளின் வழக்கம் அல்ல. ஆகவே உலகத்தின் முதல் அதிமானுட வீரனைப் படைத்தவருடைய கற்பனையைத்தான் படிக்கிறோம் என்று லண்டன் பையனுக்கும் தெரியாது. பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்துப் பையனுக்கும் தெரியாது.

சிவகாசியில் மறு ஜன்மம்

சித்திரக் கதை தமிழ்நாட்டுக்கு அறவே புதிதல்ல. 1947 ஜூலையில் சென்னையில் தோன்றிய 'அம்புலிமாமா' படத்தோடு கதை சொல்லும் ருசியைக் குழந்தைகளுக்கு ஏற்படுத்தியிருந்தது. 1964-ல் பம்பாயில் ஆரம்பித்த 'இந்திரஜால் காமிக்ஸ்' தமிழிலும் வந்தது. ஆனால் தமிழ்நாட்டிலேயே அச்சாகி, மாதா மாதம் ஒரு முழு நீளச் சாகசக் கதை என்ற ஏற்பாட்டை நிலைநாட்டியது சிவகாசிதான்.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வர்ண லேபிள் அச்சடித்துக் கைதேர்ந்த ஊர் சிவகாசி. அந்த ஊரில் ஸ்ரீ எம். சௌந்திரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். முதல் இதழ் 1972 ஜனவரியில் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயருடன் வெளிவந்தது. ஆரம்ப நாட்களில் ஆசிரியப் பொறுப்பை வகித்தவர் சிறுவர் எழுத்தாளர் முல்லை தங்கராசன். விலை ஒரு ரூபாய்க்கும் குறைவு.

லண்டனில் ஃபிளீட்வே கம்பெனியார் 1967 முதல் கையடக்கமான சித்திரக் கதைப் புத்தகங்களை வெளியிட்டு வந்தார்கள். வாரப் பத்திரிகையில் இரண்டு பக்கம் மூன்று பக்கமாகக் கதையை இழுப்பதற்குப் பதிலாக, ஒரே புத்தகத்தில் முழுக் கதையையும் முடித்து விடுவது அந்த வரிசையின் விசேஷம். மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் ஒரு வரிசை; ஜானி நீரோ, 'பாரகுடா' என்ற ரகசிய ஏஜண்டு கோஷ்டியினருக்கு இன்னொரு வரிசை. சட்டைப் பையில் அடங்குவது, ஒரே மூச்சில் படித்து முடிப்பது, மறுநாள் சிநேகிதனிடம் கொடுத்துவிட்டு அவனிடமுள்ளதை வாங்கிக்கொள்வது என்ற இந்த சௌகரியங்கள் எல்லாம் தமிழ்ப் புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தன. 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு' என்று மாயாவியின் பிரதாபங்கள் தொடர்ந்தன.

திருச்சியில் அந்தப் புத்தகங்கள் எப்படிக் கைமாறின என்பதை நமது நண்பர் சொன்னார். ஜங்ஷன் புத்தகக் கடையில் ஒருவன் வாங்குவான். ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே நாலு பேர் படித்திருப்பார்கள். பிறகு வீதி முழுவதும் சுற்றும். கடைசியில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாமல் வாடகை நூல் நிலையத்துக்குப் போய்ச் சேரும். "குற்றவாளி யார் என்று தெரியாமலே நான் பல கதைகளை முடித்திருக்கிறேன்" என்றார் நண்பர்.

மும்மூர்த்திகள்

அமெரிக்காவில் ஒரு வியாபார தந்திரம் உண்டு. தனித்தனியாகப் பெயரெடுத்த வீரர்களை ஒரே கதையில் சேர்த்துக் கோஷ்டியாக்கி விட்டால், ஒவ்வொருவருடைய ரசிகரும் அந்த ஒரு புத்தகத்தை வாங்குவார்கள் அல்லவா? 1940-ல் 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்று அப்படி ஒரு சபை கூடிற்று. 1960-ல் 'ஜஸ்டிஸ் லீக்' வந்தது. அடுத்த வருஷம் 'ஃபெண்டாஸ்டிக் ஃபோர்'. 1963-ல் 'அவெஞ்சர்ஸ்', 'எக்ஸ்-மென்' என்று இரண்டு சேனைகள் புறப்பட்டன. இன்றைக்குச் சினிமாக் கொட்டகைகளை நிரப்புகிறவர்கள் அவர்களுடைய சந்ததியார்தான்.

நமது நாட்டில் கோஷ்டி உருவான விதமே வேறு. இங்கே வீரர்களை ஒன்று சேர்த்தது கதாசிரியர் அல்ல, பிரசுரகர்த்தரும் வாசகரும்தான். மாயாவி ஒரு பக்கம். கடலடியிலும் காட்டிலும் ஜோடியாகத் திரியும் சி.ஐ.டி. லாரன்ஸ், டேவிட் ஒரு பக்கம்; காரியதரிசி ஸ்டெல்லாவோடு வரும் ஜானி நீரோ ஒரு பக்கம். இவர்கள் தாய்மொழியில் ஒருவரை ஒருவர் சந்தித்ததாகத் தெரியவில்லை. சிவகாசியில் ஒரே முத்திரையின் கீழ் அடுத்தடுத்த மாதங்களில் வந்ததால், தமிழ் வாசகர்கள் அவர்களுக்கு 'மும்மூர்த்திகள்' என்று பட்டம் சூட்டி ஒரே குடும்பமாக்கி விட்டார்கள். லாரன்ஸும் டேவிட்டும் இருவரானாலும் ஒரு மூர்த்தியாகவே கணக்கு! பிரம்மா யார், விஷ்ணு யார் என்ற விவாதம் ஸ்ரீரங்கத்தில் நடந்திருந்தால் தீர்ப்பு என்னவாயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாயாவிக்குத்தான் முதல் மரியாதை.

1984

1984-ம் வருஷம் ஜூலை மாதத்தைத் தமிழ்ச் சித்திரக் கதையின் உற்சவ மாதம் என்று சொல்லலாம். ஒரே மாதத்தில் இரண்டு பத்திரிகைகள் பிறந்தன.

ஒன்று, தினத்தந்தி குடும்பத்திலிருந்து வந்த 'ராணி காமிக்ஸ்'. 'ராணி' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அ. மா. சாமி அதற்கும் ஆசிரியர். ஜேம்ஸ் பாண்டின் கதையோடு ஆரம்பித்த அது மாதம் இரு முறை வந்தது. பெரிய விநியோக ஏற்பாடு கையில் இருந்தபடியால் சிற்றூர்ப் பெட்டிக் கடைகளிலும் தொங்கியது.

மற்றொன்று 'லயன் காமிக்ஸ்'. ஸ்ரீ சௌந்திரபாண்டியனின் புதல்வர் ஸ்ரீ எஸ். விஜயன் இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில் அதைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. கதாநாயகி ஒரு பெண் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வருஷமே 'எத்தனுக்கு எத்தன்' என்ற கதையில் ஸ்பைடர் தமிழ்நாட்டில் காலடி வைத்தார். புரொபஸர் பெல்ஹாம், ஆர்டினி என்ற இரண்டு சகாக்களும் கூடவே வந்தார்கள். தாம்சன், விக்டர் என்ற தோழர்களோடு ஆர்ச்சியும் வந்து சேர்ந்தான். லண்டன் 'லயன்' பத்திரிகையில் குடியிருந்தவர்களுக்குச் சிவகாசி 'லயன்' பத்திரிகையில் புதுவீடு கிடைத்தது.

பின்னர் இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லர் வந்தார். அவரும் கிட் கார்சன், டைகர் ஜாக், மகன் கிட் வில்லர் ஆகியோரும் சேர்ந்த நால்வர் கோஷ்டி இன்று வரையில் தமிழ் வாசகர்களின் செல்லப் பிள்ளைகள். பெல்ஜியத்திலிருந்து லக்கி லூக் வந்து சிரிக்க வைத்தார். 1986-ல் 'திகில்', அதையடுத்து 'மினி லயன்', 'ஜூனியர் லயன்' என்று சகோதரப் பத்திரிகைகளும் கிளம்பின. 'ஹாட்-லைன்' என்ற தலைப்பில் ஆசிரியர் மாதந்தோறும் வாசகர்களோடு நேரில் பேசுவது போல எழுதினார். கதை நன்றாயில்லை என்று பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் கார்டு எழுதினால், அதுவும் அச்சாகும்.

அந்தத் தமிழ்

"இதெல்லாம் அந்நிய சரக்குத்தானே? சீமைத் துணியைக் கொளுத்திய தேசத்தில் சீமை வீரனுக்குப் பரணில் இடம் எதற்கு?" என்று நேயர்களில் சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. நம்முடைய பதில் அந்தப் புத்தகங்களின் தமிழில் இருக்கிறது.

சித்திரக் கதையை மொழிபெயர்ப்பது சுலபம் என்று நினைத்தால் அது தவறு. படத்திலே பேச்சுக்கென்று ஒரு குமிழி விட்டிருக்கிறது. இங்கிலீஷில் நாலு எழுத்துச் சொல்லுக்குத் தமிழில் எட்டு எழுத்து வேண்டியிருக்கும். குமிழியோ வளராது. மிச்சத்தை வெளியே விட இடம் இல்லை. ஆகவே வாக்கியத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினாலும் பொருள் கெடக் கூடாது. வில்லன் வில்லனாகவும், எடுபிடி எடுபிடியாகவும் பேச வேண்டும். ஓர் ஊமைப் படத்துக்குப் பொருந்தும்படி வசனம் எழுதுவது போன்ற வேலை. "அதோ அந்தக் கை! அது தானாக நகர்கிறதே!" என்று படித்த மாத்திரத்தில் பையனுக்கு மயிர்க்கூச்செறிய வேண்டும். அகராதியைத் தேடினால் காரியம் கெட்டது.

அந்தத் தமிழில் இலக்கணப் பிழை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு தொண்டு செய்தது. பாடப் புத்தகத்தைப் பிரம்பு இல்லாமல் திறக்காத பிள்ளைகள், இந்தப் புத்தகத்தைப் பிரம்புக்குப் பயந்து ஒளித்து வைத்துக்கொண்டு படித்தார்கள். மாதம் நூறு பக்கத்துக்கு மேல் தமிழை ஒருவரும் வற்புறுத்தாமல் தாமாகப் படித்தார்கள். எத்தனையோ பேருக்கு வாசிக்கும் பழக்கம் ஆரம்பமானது அங்கேதான். வேட்டி எந்த ஆலையில் நெய்தது என்று கேட்பது நியாயம். கதை எந்தத் தேசத்தில் பிறந்தது என்பதைவிட, எந்தப் பாஷையில் குழந்தையின் நெஞ்சில் ஏறியது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அப்படி அரும்பாடுபட்டு எழுதியவர்களில் எத்தனை பேருடைய பெயர் புத்தகத்தில் இருக்கிறது? நண்பரின் பெட்டியில் கைக்கு வந்த பிரதிகளைப் புரட்டிப் பார்த்தோம். ஆசிரியர் பெயர் இருந்தது; அச்சகத்தின் பெயர் இருந்தது. தமிழாக்கியவர் பெயரையோ, குமிழிக்குள் எழுத்தைப் பொருத்தியவர் பெயரையோ அவற்றில் காணவில்லை. ஜெர்ரி சீகலின் கதை லண்டனோடு முடிந்து விடவில்லை என்று தெரிந்துகொண்டோம். மாயாவிக்காவது கை மட்டும் வெளியே தெரிந்தது. இவர்களுக்கு அதுவும் தெரியவில்லை.

தேய்பிறையும் வளர்பிறையும்

1990-களில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் பெட்டி வந்தது. 1993-ல் தனியார் தமிழ் ஒளிபரப்பும் ஆரம்பமாயிற்று. படம் தானாகவே அசையும்போது அசையாத படத்தை யார் பார்ப்பார்கள்? இந்திரஜால் 1990-ல் நின்று போயிற்று. ராணி காமிக்ஸ் 500 இதழ்களை எட்டி 2005-ல் முடிவடைந்தது. முத்துவும் லயனும் மூச்சு நிற்காவிட்டாலும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலைமைக்கு வந்தன.

அப்போது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சிறு வயதில் படித்தவர்கள் பெரியவர்களாகி, உத்தியோகம் பார்த்து, கையில் காசு சேர்ந்ததும் பழைய சிநேகிதர்களைத் தேடலானார்கள். ஞாபகம் இழந்த ஒரு மனிதனின் கதையான 'இரத்தப் படலம்' 18 பாகங்களும் 2010-ல் ஒரே தொகுப்பாக வந்தன. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியின்போது லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' 100 ரூபாய் விலையில் வெளிவந்தது. 2013 ஜனவரியில் முத்து காமிக்ஸ் 400 ரூபாய்க்குச் சிறப்பு மலர் போட்டது. வழவழப்பான காகிதம், பல வர்ண அச்சு, சந்தா கட்டினால் வீட்டுக்கே வந்து சேரும் ஏற்பாடு என்று புது யுகம் பிறந்தது. 2022 ஜனவரியில் முத்து காமிக்ஸ் பொன்விழாக் கண்டது. 2024 ஜூலையில் லயன் நாற்பது வயதை எட்டியது. இங்கிலாந்திலும் மாயாவியின் பழைய கதைகளையும் ஸ்பைடரின் பழைய கதைகளையும் 2021-ல் மறுபடி நூலாகப் பதிப்பித்தார்கள். நம்மூரில் அவர்கள் அதற்கு முன்னரே பல தடவை மறுபதிப்புக் கண்டவர்கள்!

சந்தோஷமான சமாசாரம்தான். ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய்க்கும் குறைந்த விலையில் பள்ளிச் சிறுவர்கள் வாங்கிய புத்தகத்தை, இன்று நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்கள் அந்தப் பழைய சிறுவர்களேதான். புத்தகக் கண்காட்சியில் அந்தக் கடையருகே நின்று பாருங்கள். நரைத்த தலைகள் அதிகமாகவும், கருத்த தலைகள் குறைவாகவும் காணப்படும். பிரசுரகர்த்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்நிய தேசத்து உரிமைப் பணம், காகித விலை, குறைந்த பிரதிகள் எல்லாம் சேர்ந்தால் விலை ஏறத்தான் செய்யும். பிரதி அதிகம் விற்றால் விலை இறங்கும். விலை இறங்கினால் பிரதி அதிகம் விற்கும். இந்தச் சக்கரத்தை முதலில் யார் தள்ளுவது என்பதே கேள்வி. பள்ளிக்கூட நூல் நிலையங்கள் தள்ளலாம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

நம்முடைய வீரர் எங்கே?

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் கற்பனைப் பஞ்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் வளர்ந்த ரங்கராஜன்கள் இருவரைச் சொன்னாலே போதும். ஒரு ரங்கராஜன் 'நேதாஜி' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அதன் முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி. சித்திரக்காரர் மாலியைப் போல ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்தப் பிள்ளை வைத்துக்கொண்ட பெயர் வாலி. பிற்பாடு சினிமாப் பாட்டில் கொடி கட்டியவர் அவரே. இன்னொரு ரங்கராஜன் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, சுஜாதா என்ற பெயரில் எழுதினார். 'என் இனிய இயந்திரா'வில் அவர் படைத்த ஜீனோ என்ற இயந்திர நாய் ஆர்ச்சிக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. சொல்லப் போனால் புத்தி கொஞ்சம் அதிகம்.

வீரர் கோஷ்டி வேண்டுமா? 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ம் தேதி, திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரிக்கை விடுத்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்று மூட்டைகளைச் சாலையோர மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு மறைந்து விட்டார்கள். போலீஸார் கண்ணுக்குச் சோறு தெரிந்தது. சோறிட்ட கை தெரியவில்லை. இதைவிட நல்ல சித்திரம் எந்த மாயாவி கதையில் இருக்கிறது? ஐம்பது வருஷம் அந்நிய வீரர்களைத் தமிழ் பேச வைத்துப் பழகிய கைகளுக்கு, நம்முடைய வீரர்களைச் சித்திரமாக்குவது அசாத்தியமான காரியம் அல்ல.

தீர்ப்பு

இவ்வளவும் யோசித்து முடித்துக் கூடத்துக்குத் திரும்பினோம். கொட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்ததை நண்பருக்கு ஞாபகப்படுத்தினோம். பிழைப்புக்கு விளம்பரப் பலகை எழுதியவர். ஆனால் ஆயுள் முழுவதும் தமிழில் அச்சான காகிதங்களையெல்லாம் சேகரித்தார். அவர் காலமான பிறகு, 1994-ல் சிகாகோ சர்வகலாசாலையார் அவற்றை விலைக்கு வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைத்தார்கள். ஊரார் குப்பை என்று நினைத்ததை அவர் குப்பை என்று நினைக்காதபடியால்தான் தமிழ்நாட்டுக்கு அந்தப் பொக்கிஷம் மிஞ்சியது.

"அதெல்லாம் சரி, மாமா. பெட்டியை எங்கே வைப்பது?" என்றாள் நாட்டுப்பெண். அவள் கேட்பதும் நியாயம்தானே?

இதற்குள் பேத்தி ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்திருந்தாள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். தமிழ் அவளுக்குப் பேசத் தெரியும். படிப்பது கொஞ்சம் சிரமம். விரலை வைத்துக்கொண்டு, "ம… மறை… மறைந்து… விட்… டான்!" என்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு பக்கம் போயிற்று. மூன்றாவது பக்கத்தில் விரல் சற்று வேகமாக நகர்ந்தது.

"தாத்தா, ஷாக் அடித்தால் மாயாவி மறைகிறார் சரி, அவர் சட்டையும் ஏன் மறைகிறது?" என்று கேட்டாள்.

நண்பர் திகைத்துப் போனார். "ஐம்பது வருஷமாகப் படிக்கிறேன், அம்மா. எனக்கு இது தோன்றவே இல்லை" என்றார்.

நாட்டுப்பெண் மகளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "சரி, கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினம் பத்துப் பக்கம் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். சம்மதமா?" என்று பெண்ணைக் கேட்டாள். பெண் தலையை ஆட்டினாள். கதை மும்முரத்தில் கேள்வி காதில் விழுந்ததா என்பது சந்தேகம்.

பேப்பர்க்காரர் சிரித்துக்கொண்டே தராசைச் சுருட்டினார். அவருக்கு வந்த நஷ்டத்துக்காகப் பழைய தினசரிகளையெல்லாம் நண்பர் எடுத்துக் கொடுத்தார். சைக்கிளில் மூட்டையைக் கட்டிவிட்டு அவர் மறுபடி வாசற்படிக்கு வந்து, "சாமி, அதிலே 'பாம்புத் தீவு' இருக்குதுங்களா? சின்ன வயசிலே பாதிதான் படிச்சேன். மிச்சத்தை எவனோ கிழிச்சிட்டான்" என்றார்.

நண்பர் பெட்டியைத் துழாவினார். 'பாம்புத் தீவு' இருந்தது; கடைசிப் பக்கமும் இருந்தது. அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து படித்து முடித்து, புத்தகத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் புறப்பட்டார். நாமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினோம்.